முதலில் கான், பிறகு கட்டடம்: மலையகத்தில் ஐந்து நாள்

ஒக்டோபர் 21, 2024, திங்கள் – வட்டவளை

ரயில் வட்டவளையில் இரண்டேகால் மணி நேரம் நின்றது. மேலே தண்டவாளத்தில் மண் விழுந்திருக்கிறதாம். இலங்கையிலேயே அதிகம் மழை கொட்டும் ஊர்களில் இதுவும் ஒன்று என்பதால் பெட்டியில் யாரும் பதறவில்லை. தீபாவளிக்குக் கண்டியில் துணி எடுத்துக்கொண்டு தலவாக்கலைக்குத் திரும்பிய ஓர் அம்மா பொட்டலத்தைப் பிரித்து, ரொட்டியைப் பிட்டு, கட்டைச் சம்பலோடு சுற்றியிருந்த எல்லாருக்கும் நீட்டினார். வேண்டாம் என்றவர்களிடம், "பசியோட ஒக்காந்திருந்தா மண்ணு தானா நகந்துருமா, சாப்புடுங்க" என்றார். வடைக்காரத் தம்பி இரண்டு வடை நூறு ரூபா என்றே கடைசிவரை விற்றார். ரயில் நின்றதைப் பார்த்து விலையை ஏற்றவில்லை.

பிறகு ரயில் ஊர்ந்து போனபோது சரிவு தெரிந்தது. இரண்டு லொறி மண்தான். வெட்டுச் சரிவின் தலைமாட்டில் ஒரு கான், அதாவது வடிகால், ஓடுகிறது. பெரணியும் புல்லும் அதை அடைத்துவிட, தண்ணீர் கானைத் தாண்டி வெட்டு முகத்தின் மேலேயே வழிந்திருக்கிறது. பத்து மீட்டர் தள்ளி, கான் திறந்திருந்த இடத்தில், அதே மழைக்கு அதே மண் அசையாமல் நிற்கிறது.

நாங்கள் கையில் கொண்டுவந்த கட்டட வரைபடம் கடலோரத்துக்கானது. வடமேற்குக் கரையில் ஒரு களப்புச் சரணாலயத்தின் விளிம்பில் நிற்க வேண்டிய பார்வையாளர் நிலையம். 180 சதுர மீட்டர் கூரை, மணலில் ஊன்றிய தூண்களின் மேல் தளம், காற்று குறுக்கே ஓட நான்கு பக்கமும் திறப்பு, உப்புக்காற்றைத் தாங்க 316 தரத் துருவேறா எஃகு ஆணிகள், கம்பிக்கு மேல் 50 மில்லிமீட்டர் கொங்கிரீட் மூடல். 1981ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் உயர்நீர்க் கோட்டிலிருந்து 300 மீட்டர் வரையுள்ள நிலத்தைக் கரையோர வலயமாக வைத்திருக்கிறது. அதனால் நிலையம் உள்ளே தள்ளி நிற்கிறது, பறவை பார்க்கும் மறைவிடம் மட்டும் மரப்பாதையின் நுனியில் முன்னே நீள்கிறது. இதே படத்தைக் கொஞ்சம் திருத்தி மலைக்காட்டு ஓரத்திலும் கட்டலாமா என்று கேட்டிருக்கிறார்கள். கொஞ்சம் திருத்தினால் போதுமா என்று பார்க்கத்தான் இந்த ஐந்து நாள்.

நானுஓயாவில் இறங்கும்போது இருட்டிவிட்டது. நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தங்கிய அறையில் சன்னலைச் சாத்தினால் சுவர் வேர்க்கிறது, திறந்தால் போர்வை நனைகிறது. உருட்டிவைத்த படத்தாள் காலைக்குள் ஓரங்களில் நெளிந்துவிட்டது.

ஒக்டோபர் 22, செவ்வாய் – ஹோர்ட்டன் சமவெளி

நாலரைக்கு வேன். போக, காத்திருக்க, வர 9,000 ரூபா. அம்பேவெல, பட்டிப்பொல வழியாக ஏறி வாசலில் நிற்கும்போது ஆறு மணி, எட்டுப் பாகைக் குளிர். முன்னால் ஏற்கெனவே முப்பது வண்டிகள்.

வாசலில் பையைத் திறந்து பொலித்தீனை எடுத்துக்கொள்கிறார்கள். பிஸ்கட்டைக் கடதாசியில் கொட்டித் தருகிறார்கள், தண்ணீர்ப் போத்தலின் மெல்லிய உறையையும் உரித்துவிடுகிறார்கள். கடுமை இல்லை. சிங்களத்தில் தொடங்கியவர் பதில் தமிழில் வந்ததும், "அம்மா, பேக் குடுங்க, சாமான் பத்திரமா இருக்கும்" என்று தமிழுக்கு மாறினார். நிறுத்துமிடத்தைச் சுற்றி மரைகள் ஆள் கையைப் பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டால் இந்தச் சோதனை எவ்வளவு தேவை என்பது புரியும். ஒரு நிலையத்தை வரைகிறவர் இதிலிருந்து எடுக்க வேண்டியது, பொலித்தீனைப் பறிக்கும் இடத்திலேயே அதற்கு மாற்றும் கிடைக்க வேண்டும் என்பது. கடதாசிப் பையும் போத்தலை நிரப்பக் குடிதண்ணீர்க் குழாயும் வாசலிலேயே இருந்தால் சண்டைக்கு இடமே இராது.

இது 3,160 ஹெக்டயர் நிலம். 1988இல் தேசியப் பூங்கா ஆயிற்று, 2010இல் மத்திய மலைநாட்டின் மற்ற இரு காடுகளோடு உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தது. மகாவலி, களனி, வளவை மூன்றுக்கும் இங்கிருந்து தண்ணீர் போகிறது. எங்கள் படத்துக்கு வேண்டிய செய்தி மூன்றாவதுதான். இங்கே ஒரு மலசலக்குழி கசிந்தால் அதைக் குடிக்கப்போகிறவர்கள் மூன்று ஆற்றுப் பள்ளத்தாக்குகளில் இருக்கிறார்கள்.

உலக முடிவு என்கிற செங்குத்துப் பாறை விளிம்பின் காட்சியை ஒன்பது, பத்து மணிக்குள் மூடுபனி அடைத்துவிடும் என்று எல்லாருக்கும் தெரியும். அதனால் எல்லாரும் ஆறிலிருந்து ஏழரைக்குள் வந்து குவிகிறார்கள், ஒன்பது கிலோமீட்டர் சுற்றை நடந்து, பத்து மணிக்குமேல் சேர்ந்தாற்போலத் திரும்புகிறார்கள். ஒரு நாளில் 300 பேர் என்ற சராசரிக் கணக்கை வைத்து மலசலகூடம் கட்டினால் இங்கே தோற்கும். பஸ்ஸுக்கு 50 பேர், அதில் பாதி பெண்கள், ஆளுக்கு மூன்று நிமிடம் என்று வைத்தால் 75 நிமிட வேலை. மூன்று அறை இருந்தால் கடைசிப் பெண் 25 நிமிடம் நிற்க வேண்டும். ஆறு அறை என்றால் பன்னிரண்டு, பதின்மூன்று நிமிடம். பின்னாலேயே அடுத்த பஸ் வந்து நிற்கும். கடலோரப் படத்தில் ஆணுக்கு மூன்று, பெண்ணுக்கு மூன்று என்று சமமாக வரைந்திருந்தது. அங்கேயும் அது தவறுதான், மாற்றியாயிற்று.

இன்னொன்றும் தெரிந்தது. காலையில் உள்ளே போகிற எவரும் எந்தப் பலகையையும் வாசிப்பதில்லை. பனிக்கு முன்னால் ஓட வேண்டும். திரும்பி வருகிறவர்கள் நனைந்து, கால் வலித்து, உட்கார இடம் தேடுகிறார்கள், எதைக் கொடுத்தாலும் வாசிப்பார்கள். ஆகவே போகும் வழியில் மலசலகூடம், தண்ணீர், வரைபடம், அன்றைய வானிலை மட்டும் போதும். காட்சிக்கூடம் முழுவதும் திரும்பும் வழியில், பெஞ்சுக்கும் சுடு தேநீருக்கும் பக்கத்தில் இருக்கட்டும். நுழைவு மண்டபத்தை அலங்காரக் கூடமாக வரைகிற வழக்கத்தை மலையில் கைவிட வேண்டும்.

பத்தரைக்கு மழை. ஈர உடுப்போடு முப்பது பேர் ஓர் அறைக்குள் உட்கார்ந்தால் மூச்சிலும் வியர்வையிலுமாக மணிக்கு ஒரு லீற்றர் அளவுக்கு நீராவி வரும், உடுப்பு உலர்வது வேறு. குளிர்ந்த கண்ணாடியிலும் தகரத்தின் அடியிலும் அது தண்ணீராகிச் சொட்டும். கொளுக்கியும் காற்றோட்டமும் உள்ள தனித் தாழ்வாரம், வாசலுக்கு முன் இரண்டு மீட்டர் நீளத்தில் அடியில் வடிகாலுள்ள இரும்புச் சல்லடை ஆகிய இரண்டும் இருந்தால் பாதி ஈரமும் முக்கால்வாசிச் சேறும் உள்ளே வராது.

பட்டிப்பொலவில் முட்டை ரொட்டி 180 ரூபா, பிளேன்டீ 50. கடைக்கார அண்ணன் அடுப்புக்குப் பக்கத்து வாங்கை எங்களுக்கு ஒழித்துத் தந்தார்.

ஒக்டோபர் 23, புதன் – கந்தப்பளைப் பக்கம்

இன்றைய நாளை எவ்வளவு எழுதினாலும் தகும்.

ஒரு தேயிலைத் தோட்டத்தின் பணிய லயத்தில், அதாவது கீழ்ப்பக்கத் தொழிலாளர் வரிசைவீட்டில், முப்பது வருடம் கான் வெட்டிய பெரியவர் ஒருவரைப் பார்க்கச் சொன்னார்கள். வாசலில் மழைக்கு ஒதுங்கி நின்ற எங்களை உள்ளே கூப்பிட்டு, அவர் மனைவி சீனி போட்ட பிளேன்டீயும் சுட்ட சோளமும் தந்தார். படத்தை விரித்ததும் ஐயா கட்டடத்தைப் பார்க்கவில்லை. "இதுக்கு மேல என்னா இருக்கு?" என்று படத்துக்கு வெளியே விரலை வைத்தார். அங்கே எதுவும் வரைந்திருக்கவில்லை.

"மொதல்ல வீடு எங்கன்னு பாக்காதீங்க சார். நல்ல மழ பெய்யிறப்ப ஒரு தடவ வந்து நில்லுங்க. தண்ணி எங்கேருந்து எறங்குது, எங்க தேங்குதுன்னு பாருங்க. அப்பறமா கோடு போடுங்க."

மழை விட்டதும் மலைக்குக் கூட்டிப்போய்க் காட்டினார். குறுக்குக் கான் சமவுயரக் கோட்டை ஒட்டி, 120க்கு 1 என்ற மிக மெல்லிய சாய்வில் ஓடும். பன்னிரண்டு மீட்டருக்குப் பத்து சென்டிமீட்டர் இறக்கம். அதற்குமேல் சாய்த்தால் கானே மண்ணை அரித்துவிடும். கானுக்குள் சில அடிக்கு ஒரு தரம் மண்ணை வெட்டாமல் குட்டித் தடுப்பாக விட்டிருக்கிறார்கள். தடுப்பின் தலை கானின் விளிம்பைவிடத் தாழ்வு. தண்ணீர் தேங்கி, வண்டல் படிந்து, மிச்சம் தடுப்பின் மேலால் அடுத்த பள்ளத்துக்குப் போகும். வண்டலை அள்ளித் தேயிலைத் தூருக்கே திருப்பிப் போடுவார்கள். குறுக்குக் கான்கள் எல்லாம் இயற்கையான மடுவில் ஓடும் பெரிய கானில் சேரும். அதற்குக் கல் பாவியிருக்கும், இறக்கமான இடங்களில் படி வைத்திருக்கும்.

இதை அப்படியே கட்டடத்துக்கு மேலே வெட்டிவிடக் கூடாது. தேயிலைக்குக் கொஞ்சம் தண்ணீர் மண்ணுக்குள் இறங்க வேண்டும், அதற்குத்தான் தடுப்பு. கட்டடத்தின் தலைமாட்டில் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கினால் மண் கனத்து, பிடி தளர்ந்து, கீழே வரும். எனவே அங்கே வெட்டும் கானில் தடுப்பே கூடாது, உட்புறம் பாவியிருக்க வேண்டும், சாய்வும் கூடுதலாக இருக்க வேண்டும். கட்டடத்திலிருந்து மூன்று முதல் ஐந்து மீட்டர் மேலே, 45 சென்டிமீட்டர் அகலம், அதே ஆழம். இரண்டு முனையும் ஏற்கெனவே உள்ள மடுவில்தான் சேர வேண்டும். வெறும் சரிவில் கொண்டுபோய் விட்டால் அந்த இடத்தில் அடுத்த சரிவைத் தொடங்கிவைத்ததாகும்.

பாவுவதற்கு வெறும் கொங்கிரீட்டை ஐயா நம்பவில்லை, அவர் சொல்வது சரி. நிலம் ஒரு விரல் அசைந்தாலும் கொங்கிரீட் கான் வெடிக்கும். மேலே புல் மூடியிருக்க, வெடிப்பு வழியாகத் தண்ணீர் முழுவதும் ஒரே இடத்தில் இறங்கிக்கொண்டிருக்கும், வெளியே எதுவும் தெரியாது. களிமண் படுக்கையில் கல் பாவினால் கொஞ்சம் அசைவைத் தாங்கும், விலகிய கல் கண்ணுக்கும் தெரியும். எதைப் பாவினாலும் பெருமழைக்கு மறுநாள் ஓர் ஆள் கான் நெடுக நடக்க வேண்டும். நிலையத்தின் சம்பளப் பட்டியலில் அந்த ஆளுக்கு ஒரு பேர் இருக்க வேண்டும். வழிகாட்டிக்கும் டிக்கெட் கொடுப்பவருக்கும் சம்பளம் ஒதுக்குகிறார்கள், கான் பார்ப்பவருக்கு ஒதுக்குவதில்லை. கான் வெட்டும் கவ்வாத்தும் கைவந்தவர்கள் காட்டு ஓரத்து லயங்களிலேயே இருக்கிறார்கள். நிலையத்தின் முதல் வேலை அவர்களுக்குப் போக வேண்டும் என்று அறிக்கையில் தனித் தலைப்பிட்டு எழுதப்போகிறோம்.

சரிவை வெட்டிச் சமன் செய்து, வெட்டிய மண்ணை முன்னால் கொட்டி முற்றமாக்குவதுதான் மலையில் வழக்கமாக நடப்பது. பின்னால் வெட்டு முகம் தாங்கலை இழக்கிறது, முன்னால் இறுகாத மண்மேடு மழையில் இறங்குகிறது. இங்கே 180 சதுர மீட்டரை ஒரே தளமாகப் போடக் கூடாது. சமவுயரக் கோட்டை ஒட்டி 60 சதுர மீட்டரில் மூன்று சிறு கட்டடம், இடையே மரப்பாதை, எல்லாம் கட்டைத் தூண்களின் மேல். கடலோரப் படத்திலிருந்து அப்படியே மலைக்கு வருகிறது என்றால் இந்தத் தூண்கள்தான். தாங்குசுவர் தவிர்க்க முடியாத இடத்தில் சுவருக்குப் பின்னால் 30 சென்டிமீட்டர் சல்லி, ஒன்றரை மீட்டருக்கு ஒன்றாக 75 மில்லிமீட்டர் வடிதுளை வேண்டும். துளை வைத்துவிட்டுப் பின்னால் சல்லியை விட்டுவிட்டால் ஒரே பருவத்தில் மண் அடைத்துவிடும்.

பீலி என்றால் கரையோரத்தில் கூரைநீர் ஓடும் தகர வாய்க்கால். லயத்தில் பீலி என்றால் பெண்கள் குடத்தோடு வரிசையில் நிற்கும் ஊற்றுக்குழாய். அந்தப் பீலிக்கு மேலே நம் மலசலக்குழி வந்துவிடுமா என்பதை முதலில் பார்க்க வேண்டும். மேலே எங்கே எந்த ஊற்று இருக்கிறது என்று அம்மா விரல்விட்டு எண்ணிச் சொன்னார்.

சாயங்காலம் கணக்குப் போட்டது. 180 சதுர மீட்டர் கூரையில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டர் பெய்தால், 85 வீதம் பிடித்தாலும் மூன்று இலட்சம் லீற்றர். 300 பேருக்கு ஆளுக்கு 5 லீற்றர் என்றால் நாளுக்கு 1,500. ஆண்டு முழுவதுக்கும் அது போதாது, ஆனால் பாதிக்குமேல் கூரையே தரும், பதினைந்து நாளுக்கு 22,500 லீற்றர் தாங்கி வைக்கலாம். மன்னார்ப் பக்கம் ஏறத்தாழ 1,000 மில்லிமீட்டர்தான், அதுவும் நான்கு மாதம் வறட்சி. 180,000 லீற்றர் சேமிக்க வேண்டும், கூரை தருவதோ 153,000. அங்கே தண்ணீர் ஊற்றும் மலசலகூடமே கூடாது, உலர் கழிப்பறைதான். மலையில் உலர் கழிப்பறை சரிவராது. குளிரிலும் ஈரத்திலும் மக்க மாட்டாது. தண்ணீர் ஊற்றலாம், ஆனால் போகும் இடம்தான் சிக்கல். பத்துப் பாகை குறைந்தால் தாங்கிக்குள் சிதையும் வேகம் ஏறத்தாழப் பாதியாகிறது, ஆகவே தாங்கி இரட்டிப்பாக வேண்டும். ஊறுகுழி வெட்டினால் சரிவுக்குள் நாமே நாள்தோறும் 1,500 லீற்றர் ஊற்றுகிறோம். அடியில் தாள் விரித்த சல்லிப் படுக்கையில் நாணல் வளர்த்து வடித்து, மிச்சத்தைக் குழாயில் சரிவைத் தாண்டிக் கொண்டுபோய், சமதரையில் பரவலாக விட வேண்டும்.

ஒக்டோபர் 24, வியாழன் – ஹக்கல

1861இல் கொயினா மரம் வளர்த்துப் பார்க்கத் தொடங்கிய தோட்டம். மரப்பெரணிகளுக்கு நடுவே அரைநாள். மழை நின்று ஒரு மணி நேரம் ஆகியும் மரத்தடியில் சொட்டுகிறது. மூடுபனியை இலையும் பாசியும் பிடித்து இறக்குகின்றன, மழைமானியில் இது விழாது. கூரைக்கு மேலே கிளை நீட்டும் மரம் இருந்தால் பீலி எப்போதும் ஈரமாக இருந்து பாசி அடைக்கும். மரத்தை வெட்டாமல் கூரையைத் தள்ளி வைக்க வேண்டும். பீலி 150 மில்லிமீட்டர் அகலத்தில், சுவருக்கு வெளியே, முனை திறந்து இருக்கட்டும். மணிக்கு 75 மில்லிமீட்டர் மழைக்கு இந்தக் கூரைகளிலிருந்து நொடிக்கு மூன்றே முக்கால் லீற்றர் இறங்கும். சுவருக்குள் மறைத்த பீலி ஒரு தடவை அடைத்தால் போதும், அவ்வளவும் காட்சிக்கூடத்துக்குள் வரும்.

வழியில் பார்த்த ஒரு தகவல் கூடத்தில் இவை எல்லாவற்றையும் கண்ணால் காண முடிந்தது. ஒற்றைத் தகரக் கூரை உள்ளே வேர்த்துப் பலகைகளின் மேல் சொட்டுகிறது. ஒட்டிய படங்கள் கொப்புளித்து ஓரம் சுருண்டிருக்கின்றன. கண்ணாடிப் பெட்டிக்குள் பூஞ்சணம். தகரத்துக்கு அடியில் 50 மில்லிமீட்டர் காற்றிடைவெளி, அதற்கும் கீழே காப்புப் பலகை, முகட்டில் காற்றுப்போக்கி இருந்தால் சொட்டாது. பலகைகளை எஃகில் சுட்ட எனாமலில் செய்தால் பூஞ்சணத்தைத் துணியால் துடைத்துவிடலாம். விலை கூடத்தான். ஆனால் ஒட்டுப் படத்தை இரண்டு வருடத்துக்கு ஒரு தரம் மாற்றிக்கொண்டிருப்பதற்கு இது மலிவு.

அங்கிருந்த தமிழ்தான் மனதை வருத்தியது. "வனவிலங்கு" என்பதில் ஓர் எழுத்தே இல்லை. "எச்சரிக்கை"யில் ஒற்று இல்லை. மூன்றாவது வரியாகச் சிறிய எழுத்தில் ஒடுக்கியிருந்தார்கள். 1987இலிருந்து தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. காட்டைச் சுற்றி வாழ்கிறவர்களில் பெரும்பகுதி தமிழ் வாசிக்கிறவர்கள். கொழுந்துக்குப் போகிற அம்மா தன் பிள்ளையைக் கூட்டி வரும்போது, அந்தப் பிள்ளை முதலில் வாசிப்பது பிழையாக இருக்கக் கூடாது. தமிழ் வாசகத்தை மொழிபெயர்க்கக் கொடுக்காமல், ஊரில் மரத்துக்கும் பறவைக்கும் வழங்கும் பெயர்களைக் கேட்டு முதலிலேயே தமிழில் எழுத வேண்டும். தமிழ் வரி ஆங்கிலத்தைவிட நீளும், மேலும் கீழும் கொம்பும் சுழியும் இருப்பதால் வரி இடைவெளியும் கூடுதலாக வேண்டும். மூன்று மீட்டரிலிருந்து வாசிக்க எழுத்து 20 மில்லிமீட்டர் உயரமாவது இருக்கட்டும். பலகையின் அளவைத் தமிழுக்கு வைத்துத் தீர்மானித்தால் மற்ற இரண்டும் தாராளமாக அடங்கும்.

மரம் பற்றி ஒன்று. காட்டு மரம் வேண்டியதில்லை, தோட்டங்களில் நிற்கும், டர்பன்டைன் என்று வழங்கும் யூக்கலிப்டஸ் மரம் போதும். அறுத்தவுடன் வெயிலில் போட்டால் முறுகி வெடிக்கும். நுனிகளில் சாயம் பூசி, நிழலில் சட்டம் வைத்து அடுக்கி, மாதக்கணக்கில் உலர்த்த வேண்டும். ஒப்பந்தக் காலத்தில் இதற்கு இடம் வைக்காவிட்டால் பச்சை மரம்தான் வந்து சேரும்.

சூரியத் தகடு கூரையின் தெற்குச் சாய்வில் பத்துப் பாகையில் இருக்கலாம். பனிமூட்டத்தில் விளைச்சல் பெரிதும் குறையும், கடலோரக் கணக்கை நம்பக் கூடாது. லித்தியம் மின்கலத்தை உறைநிலைக்குக் கீழே மின்னேற்றினால் கெட்டுவிடும். தை, மாசியில் சமவெளியில் உறைபனி விழுகிறது. மின்கல அறையை உட்சுவரோடு வைக்க வேண்டும்.

ஒக்டோபர் 25, வெள்ளி – கொஸ்லாந்தை

பட்டிப்பொலவில் ரயிலேறினால் சுரங்கத்துக்கு இந்தப் பக்கம் மழை, அந்தப் பக்கம் ஒஹியாவில் வெயில். ஹப்புத்தளையில் இறங்கி, பெரகலை வழியாக பஸ். நடத்துநர் மீதிப் பத்து ரூபாவைக் கொடுக்க இறங்கும் வாசல்வரை வந்தார்.

இங்குள்ள மீரியபெத்தைத் தோட்டத்தில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை மலை இறங்கி லயங்களை மூடியது. நாலு நாளில் பத்து வருடம். தேநீர்க் கடையில் இருந்தவர்கள் நாங்கள் கேட்காமல் அதைப் பேசவில்லை. கேட்டதும், மரங்கள் சாய்ந்ததையும், சுவர் வெடித்ததையும், ஊற்றுத் தண்ணீர் கலங்கியதையும் ஒவ்வொருவராகச் சொன்னார்கள். இடம் தேர்கிற பட்டியலில் முதல் பக்கம் இவர்கள் சொன்னதுதான். அடிமரம் வளைந்த மரங்கள், பிறைவடிவ வெடிப்பு, புதிதாகப் பிறந்த அல்லது திடீரென்று நின்ற ஊற்று. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அந்த நிலத்தை விட்டுவிட வேண்டும். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அனுமதி படம் வரைந்த பிறகு வாங்கும் கடதாசி அல்ல. அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் முதல் கோடு போட வேண்டும்.

கடையின் முன்தூணில் ஒரு மழைமானி. கடைக்கார அக்கா எங்களுக்குத் தேநீர் ஆற்றுவதற்கு முன் அதை எட்டிப் பார்த்து, நாட்காட்டித் தாளின் பின்னால் 38 என்று எழுதினார். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டரைத் தாண்டினால் விழிப்பு, 100ஐத் தாண்டினால் ஆயத்தம், 150ஐத் தாண்டினாலோ ஒரு மணி நேரத்திலேயே 75 பெய்தாலோ சிவப்பு, அதாவது வெளியேற்றம். அக்காவுக்கு இது மனப்பாடம். "சிவப்பு சொல்லும்வர நாங்க நிக்கிறதில்லங்க. நூறுன்னா புள்ளைங்கள எடுத்துக்கிட்டுப் போயிருவோம்" என்றார்.

எங்கள் படத்தில் டிக்கெட் மேசை இருக்கிறது, வரவேற்பு மேசை இருக்கிறது. மழைமானிக்கு இடமில்லை. மலை நிலையத்தின் மேசைக்குப் பக்கத்தில், வருகிறவர் எல்லாருக்கும் தெரியும்படி, அன்றைய அளவை எழுதும் கரும்பலகை ஒன்று வரும். 75ஐத் தாண்டினால் நடைபாதை மூடப்படும், 100ஐத் தாண்டினால் நிலையமே மூடப்படும் என்று அதன் கீழே மூன்று மொழியிலும் எழுதியிருக்கும். மூடுகிற அதிகாரம் கானைப் பார்த்துவிட்டு வருகிற அந்த ஆளுக்கும் இருக்க வேண்டும்.

தேநீர் 60 ரூபா, பருப்பு வடை 50. நாலரைக்கு மறுபடியும் இருட்டிக்கொண்டு வந்தது, அக்கா கடைசி பஸ் நேரத்தை இரண்டு தடவை சொல்லி எங்களை எழுப்பினார்.